ஜூட் சூட் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆடைகளைச் சேகரிப்பவர்களிடையே ஜூட் சூட்டின் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை; ஆனால் அசலான ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. விற்பனைக்கு வரும் பத்து 'ஜூட் சூட்'களில் பத்துமே வேறு ஏதோவாக இருப்பது வழக்கம் என்பதால், இங்குள்ள பதில்களில் பெரும்பங்கு எது அசல் என்ற கேள்வியையே சுற்றி வருகிறது.

ஜூட் சூட் என்று எதைச் சொல்கிறார்கள்?

1930களின் பிற்பகுதியிலும் 1940களின் முற்பகுதியிலும் அமெரிக்க நகரங்களின் நடன அரங்குகளில் இளைஞர்கள் அணிந்த, அளவுகளை வேண்டுமென்றே மிகைப்படுத்தித் தைத்த கோட்டும் கால்சட்டையும் சேர்ந்ததே ஜூட் சூட். கோட்டின் தோள்களைப் பஞ்சு வைத்து அகலப்படுத்தியிருப்பார்கள். அது இடுப்பில் இறுகி, அங்கிருந்து விரிந்து, விரல் நுனி வரையிலோ முழங்கால் வரையிலோ இறங்கும். கால்சட்டையின் பட்டி விலா எலும்பை எட்டும் அளவுக்கு உயரத்தில் இருக்கும். முன்புறம் ஆழமான மடிப்புகள் விழுந்து, முழங்காலில் பலூன் போல விரிந்து, கணுக்காலில் சட்டென்று குறுகும். இவற்றோடு அகன்ற விளிம்புத் தொப்பியும், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கடிகாரச் சங்கிலியும் சேர்ந்தால் தோற்றம் முழுமையடையும்.

விசித்திரமாகத் தெரியும் இந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு காரணமும் இருந்தது. ஸ்விங் இசைக்கு லிண்டி ஹாப் ஆடுபவருக்குத் தொடையிலும் முழங்காலிலும் தாராளமாக இடம் வேண்டும்; அதே சமயம் கால்சட்டையின் பாட்டம் காலில் சிக்கித் தடுக்கிவிடவும் கூடாது. மேலே அகலம், கீழே இறுக்கம் என்ற அமைப்பு இரண்டையும் தீர்த்தது. நின்றபடி பார்க்கும்போது கோமாளித்தனமாகத் தோன்றுவது ஆட்டத்தில் சுழலும்போது அழகாகிவிடும். அந்த உடையில் ஜாஸ் பாடகர் கேப் காலோவே தோன்றும் 1943ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ஸ்டார்மி வெதர்' காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அளவுகளை எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றில், பாஸ்டனில் இளைஞராக இருந்தபோது கடனுக்கு வாங்கிய வானீல நிற ஜூட் சூட்டை நினைவுகூர்கிறார். அதன் கால்சட்டை முழங்காலில் 30 அங்குலமாகவும் கணுக்காலில் 12 அங்குலமாகவும் இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் கெயின்ஸ்வில்லில் கிளைட் டங்கன் என்ற உணவக ஊழியர் 1940இல் தைக்கச் சொன்னதாக 1943ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட சூட்டுக்கு, கோட்டின் நீளம் 37 அங்குலம், முழங்கால் 26, பாட்டம் 14. அக்காலத்துச் சாதாரணக் கோட்டு 30 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். சாதாரணக் கால்சட்டையின் பாட்டம் ஏறக்குறைய 20 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும்.

ஆகவே இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கோட்டின் நீளத்தை அல்ல. முழங்காலுக்கும் பாட்டத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான். முழங்கால் பாட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தால் மேற்கொண்டு பேசலாம். 24க்கு 21 என்றால் அது நல்ல பழைய சூட்டாக இருக்கலாம், ஜூட் சூட்டாக இராது.

'ஜூட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அகராதிப் பொருள் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 'காப்பி கீப்பி' என்று நாம் சொல்லும் எதிரொலிச் சொல்லைப் போன்றதுதான் இதுவும். என்ன, நம் வழக்கில் எதிரொலி பின்னால் வரும், நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில், ஜைவ் என்ற இளைஞர் கொச்சைப் பேச்சில் அது 'சூட்'டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்கள் உடையைப் பெரும்பாலும் 'டிரேப்' என்றோ, காலோ என்ற தங்கள் கொச்சை வழக்கில் 'டகூச்சே' என்றோதான் குறிப்பிட்டார்கள். 'ஜூட் சூட்' என்ற பெயரை ஊரெங்கும் பரப்பியதில் செய்தித்தாள்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதை முதலில் தைத்தவர் யார்?

உரிமை கொண்டாடியவர்கள் பலர். சிகாகோவில் துணிக்கடையும் இசைக்குழுவும் நடத்திய ஹரால்ட் ஃபாக்ஸ், மெம்ஃபிஸ் தையல்காரர் லூயி லெட்டிஸ், டெட்ராய்ட் வணிகர் நேத்தன் எல்கஸ் ஆகியோரின் பெயர்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. மேற்சொன்ன கெயின்ஸ்வில் கதையோ, 1939இல் வெளியான 'கான் வித் தி விண்ட்' படத்தில் கிளார்க் கேபிள் அணிந்த நீளக் கோட்டுகளே மூலம் என்கிறது.

என்னைக் கேட்டால், இந்தத் தேடலே பயனற்றது. தோள்பட்டையிலும் மார்பிலும் துணியைத் தளர்த்தி விழவிடும் வெட்டு முறை ஏற்கெனவே லண்டனில் இருந்தது. பின்னாளில் விண்ட்சர் கோமகனான வேல்ஸ் இளவரசருக்குத் தைத்துக் கொடுத்த ஃபிரடெரிக் ஸ்கோல்ட் அதில் பெயர் பெற்றவர். அங்கே மேட்டுக்குடியினரின் நாசூக்காக இருந்ததை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அளவையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தவர்கள் ஹார்லெம், சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய இடங்களின் கறுப்பின இளைஞர்கள். தையல்காரரிடம் போய்த் தோளை இன்னும் அகலமாக்கச் சொன்னவர்கள் பெயர் தெரியாத வாடிக்கையாளர்கள். கண்டுபிடித்தவர்கள் என்ற பட்டம் அவர்களுக்கே பொருந்தும்.

ஓர் உடை எப்படி அரசாங்கத்தின் பிரச்சினையானது?

இரண்டாம் உலகப் போரில் இறங்கிய அமெரிக்காவுக்கு இராணுவச் சீருடைக்குக் கம்பளி தேவைப்பட்டது. 1942 மார்ச்சில் போர்க்கால உற்பத்தி வாரியம் ஆண்கள் சூட்டுக்குச் செலவாகும் துணியை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. கால்சட்டையின் கீழ்மடிப்பு, ஒட்டுப்பை, இரட்டை வரிசைப் பட்டன் கோட்டோடு வரும் வெய்ஸ்ட்கோட் ஆகியவை விலக்கப்பட்டன. ஜூட் சூட்டைப் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டிய அவசியமே எழவில்லை. அந்த விதிகளுக்குள் அதைத் தைக்க வழியில்லாமல் போனது. ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் சில தையல்காரர்கள் திருட்டுத்தனமாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதன்பின் அந்த உடையில் தெருவில் இறங்கிய இளைஞன், நாடே சிக்கனம் பிடிக்கும்போது துணியை வீணடிக்கும் தேசத்துரோகியாகப் பலர் கண்ணுக்குத் தென்பட்டான்.

1943இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது என்ன?

'ஜூட் சூட் கலவரம்' என்ற பெயரே முதலில் தவறான எண்ணத்தைத் தருகிறது. கலவரம் செய்தவர்கள் ஜூட் சூட் அணிந்தவர்கள் அல்லர்.

பின்னணி 1942 ஆகஸ்டிலிருந்து தொடங்குகிறது. 'ஸ்லீப்பி லகூன்' என்று அழைக்கப்பட்ட நீர்த்தேக்கத்துக்கு அருகே ஹோசே டியாஸ் என்ற இளைஞர் காயங்களோடு கண்டெடுக்கப்பட்டு இறந்தார். மெக்சிகோ வம்சாவளியினரான 22 இளைஞர்கள் மொத்தமாக விசாரிக்கப்பட்டு, 1943 ஜனவரியில் அவர்களில் 17 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944 அக்டோபரில் ரத்து செய்தது. ஆனால் அதற்குள் வழக்கைப் பற்றிய பத்திரிகைச் செய்திகள், ஜூட் சூட் அணிந்தவனெல்லாம் குற்றவாளி என்ற எண்ணத்தை நகரத்தில் விதைத்திருந்தன.

1943 ஜூன் 3 அன்று சாவேஸ் ரவீன் பகுதியிலிருந்த கடற்படைப் பயிற்சித் தளத்திலிருந்து ஏறத்தாழ 50 மாலுமிகள் தடிகளோடு நகருக்குள் புறப்பட்டார்கள். அடுத்த நாட்களில் வாடகைக் கார்களில் கூட்டம் கூட்டமாக வந்து, திரையரங்குகளுக்குள் புகுந்து, தெருவில் ஓடும் வண்டிகளை நிறுத்தி, ஜூட் சூட் அணிந்தவர்களை வெளியே இழுத்து அடித்தார்கள்; உடைகளை உரித்துக் கிழித்தார்கள், சிலவற்றைத் தெருவிலேயே எரித்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினரோடு கறுப்பின, ஃபிலிப்பைன்ஸ் இளைஞர்களும், ஜூட் சூட்டே அணியாத பலரும் அகப்பட்டார்கள். காவல்துறை பெரும்பாலும் வேடிக்கை பார்த்துவிட்டு, அடிபட்டவர்களை நூற்றுக்கணக்கில் கைது செய்தது. ஜூன் 8 அளவில், படைவீரர்கள் நகருக்குள் போகக் கூடாதென்று இராணுவ அதிகாரிகள் உத்தரவிட்ட பிறகே நிலைமை அடங்கியது.

மறுநாள் நகர மன்றம் ஜூட் சூட் அணிவதையே குற்றமாக்கத் தீர்மானம் நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், இதன் வேர் இனப் பாகுபாட்டில் இருக்கிறது என்று தம் பத்திரிகைப் பத்தியில் எழுதியதற்காக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் கண்டனத்துக்கு உள்ளானார். 1944இல் கனடாவின் மான்ட்ரியாலிலும் மாலுமிகளுக்கும் ஜூட் சூட் இளைஞர்களுக்கும் இடையே இதே போன்ற மோதல் நடந்தது.

பெண்களும் அணிந்தார்களா?

அணிந்தார்கள். பச்சூகா என்று அழைக்கப்பட்ட மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள், விரல் நுனி வரை இறங்கும் நீளக் கோட்டை முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடையோடு அணிந்தார்கள். தலைமுடியை முன்புறம் உயர்த்திச் சீவி, உதட்டுக்குக் கருஞ்சிவப்புச் சாயம் பூசினார்கள். சிலர் ஆண்களைப் போல முழுச் சூட்டே அணிந்து ஏச்சுக்கு ஆளானார்கள். இப்படிப்பட்ட பெண்களின் கோட்டுகள் பழைய துணிக்கடைகளில் வெறும் 'நீளக் கோட்டு' என்ற பெயரில் அடையாளம் தெரியாமல் கிடக்க வாய்ப்புண்டு. ஆண்கள் உடையை மட்டும் தேடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அசல் ஜூட் சூட் இவ்வளவு அரிதாக இருப்பது ஏன்?

1942க்குப் பிறகு சட்டப்படி தைக்க முடியவில்லை என்பது முதல் காரணம். தெருவில் கிழிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் போனவை கொஞ்சம். பல இளைஞர்கள் தையல்காரரிடம் போகும் வசதி இல்லாமல், தங்கள் அளவைவிட இரண்டு மூன்று அளவு பெரிய ஆயத்த சூட்டை வாங்கி, இடுப்பையும் பாட்டத்தையும் மட்டும் பிடித்துத் தைத்துக்கொண்டார்கள். பின்னாளில் தையலைப் பிரித்தால் அது மீண்டும் சாதாரண சூட்டாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அந்த உடையின் துணியே என்று நான் நினைக்கிறேன். போர்க்காலத்தில் கணவனின் சூட்டை மனைவிக்குக் கோட்டும் பாவாடையுமாக வெட்டித் தைத்துக்கொள்வதற்கென்றே வெட்டுப் படங்கள் கடைகளில் விற்றன. அப்படியொரு காலத்தில், முழங்காலில் மட்டுமே அவ்வளவு துணி கொண்ட ஒரு கால்சட்டையை எந்த வீட்டில் விட்டுவைத்திருப்பார்கள்? அதற்கும் தப்பியதைப் பூச்சி அரித்தது. இளைஞன் படைக்குப் போனான், திரும்பி வந்தான், திருமணம் செய்துகொண்டான்; அவமானத்தையும் அடியையும் நினைவூட்டும் உடையைப் பெட்டியில் பூட்டி வைக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அருங்காட்சியகங்களோ அக்காலத்தில் சீமாட்டிகளின் பட்டு அங்கிகளைத்தான் தேடிக்கொண்டிருந்தன.

அசலுக்கு என்ன விலை?

சந்தை விலை என்று ஒன்றைச் சொல்ல, போதுமான அளவு விற்பனையே நடப்பதில்லை. பொதுவெளியில் நன்கு அறியப்பட்ட விற்பனை 2011இல் நடந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் நூவார்க்கில் ஒரு வீட்டுப் பொருட்களின் விற்பனையில் வெளிப்பட்ட, 1940–42 காலத்துக் கோடு போட்ட கம்பளி ஜூட் சூட் ஒன்றை, நெடுங்காலம் தேடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகம் ஏலத்தில் ஏறத்தாழ 80,000 டாலருக்கு வாங்கியது. 2016இல் அந்த அருங்காட்சியகம் ஆண்கள் உடையின் முந்நூறு ஆண்டுகளைப் பற்றி நடத்திய கண்காட்சியில் அது இடம்பெற்றது. லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகம் தன் நகரத்தின் வரலாற்றுச் சின்னத்தை நாட்டின் மறுகோடியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அதே காலத்துச் சாதாரண சூட் சில நூறு டாலருக்குக் கிடைத்துவிடும். இடையிலுள்ள இந்தப் பெரும் இடைவெளிதான் விற்பவர்களை எதற்கும் 'ஜூட்' என்று பெயர் சூட்டத் தூண்டுகிறது.

விற்பனைக்கு வருவது அசல்தானா என்பதை எப்படிச் சோதிப்பது?

விகிதம் சரியாக இருந்தால், அடுத்து உடையை உள்பக்கமாகத் திருப்புங்கள். தையல்காரர் தைத்ததாயின் கோட்டின் உள்பாக்கெட்டுக்குள் அவர் கடைச் சீட்டும், அதில் மையால் எழுதிய வாடிக்கையாளர் பெயரும் தேதியும் இருக்கலாம். அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1942க்குப் பிறகு விதியை மீறித் தைத்தவர் தம் பெயரை ஒட்டிவைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே சீட்டு இல்லாதது மட்டுமே குறையாகாது.

ஆயத்த சூட்டாயின் ஆடைத் தொழிலாளர் சங்கமான அமால்கமேட்டட் குளோதிங் வொர்க்கர்ஸின் சிறு சீட்டைத் தேடுங்கள். அதன் ஓரத்தில் 1939 என்று அச்சாகியிருப்பதைக் காட்டி, சூட்டு 1939இல் தைக்கப்பட்டது என்று விற்பவர்கள் சாதிப்பார்கள். அந்த ஆண்டு சீட்டின் வடிவமைப்புக்கு உரிமை பெற்ற ஆண்டு. அடுத்த வடிவம் 1949இல் வரும் வரை அதே சீட்டுத்தான் பயன்பட்டது. எனவே அது சூட்டைப் பத்தாண்டுக் கூட்டுக்குள் அடைக்குமே தவிர ஓர் ஆண்டைச் சுட்டாது. 1949 அல்லது 1962 என்று இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை, அது பிந்தியது.

காலத்தைக் கடந்து வந்துவிட்ட பொருட்கள் உள்ளனவா என்றும் பாருங்கள். ஆர்என் என்ற எழுத்துகளோடு வரும் பதிவு எண் 1952க்கு முன் கிடையாது. துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தரச் சீட்டு 1970களின் வழக்கம். நைலான் ஜிப்பு, பாலியெஸ்டர் துணி, பாலியெஸ்டர் நூல் ஆகியவை போருக்குப் பிந்தியவை. கோட்டின் மார்புப் பகுதியைப் பசையால் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். அக்காலத்து நல்ல கோட்டில் குதிரைமுடி கலந்த கேன்வாஸைக் கைத்தையலால் பிடித்திருப்பார்கள், லாபெலை (கோட்டின் மார்பில் வெளிப்புறம் மடிந்திருக்கும் பட்டையை) விரலிடுக்கில் உருட்டினால் இரண்டு படலங்களும் தனித்தனியே நகர்வது தெரியும்.

கடினமான சோதனை இனிமேல்தான். பாட்டத்தைக் குறுக்கிய தையல் எப்போது போடப்பட்டது? 1941இல் ஓர் இளைஞன் ஆயத்தக் கால்சட்டையைக் குறுக்கித் தைத்திருந்தால் அது முழு மதிப்புள்ள வரலாற்றுச் சான்று; சென்ற ஆண்டு ஒரு வியாபாரி அதையே செய்திருந்தால் ஏமாற்று. நூல் மற்ற இடங்களில் உள்ளதைப் போலவே மங்கியிருக்கிறதா, தையலின் பள்ளத்தில் பழைய தூசி படிந்திருக்கிறதா, தேய்ந்த தடங்கள் தையலைத் தாண்டி இயல்பாகத் தொடர்கின்றனவா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். மடித்து உள்ளே தள்ளிய துணி வெளிப்பக்கத் துணியைவிடக் கூடுதலாக நிறம் காத்திருந்தால், மடிப்பு பழையது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு வெளுத்திருந்தால், வெளுத்து முடிந்த பிறகே மடித்திருக்கிறார்கள்.

எவற்றை ஜூட் சூட் என்று தவறாக நினைக்கிறோம்?

போருக்குப் பின் கட்டுப்பாடுகள் நீங்கியதும் 1940களின் இறுதியில் பரவலாக வந்த அகன்ற தோள், அகன்ற லாபெல் கொண்ட சூட்டுகளே முதல் குழப்பம். அவை அலுவலகத்துக்கும் தேவாலயத்துக்கும் போனவர்கள் அணிந்த மரியாதையான உடைகள். கால்சட்டை கீழே குறுகாது. பிரிட்டனில் 1950களில் டெடி பாய் எனப்பட்ட இளைஞர்கள் அணிந்த கோட்டும் நீளமானதுதான், ஆனால் அதன் கால்சட்டை மேலிருந்து கீழ்வரை ஒல்லியானது.

அடுத்தது நாடக உடைகள். லூயிஸ் வால்டெஸின் 'ஜூட் சூட்' நாடகம் 1978இல் லாஸ் ஏஞ்சலஸில் அரங்கேறி, மறு ஆண்டு பிராட்வேக்குப் போய், 1981இல் படமானது. அதன் பிறகு சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க) இளைஞர்கள் திருமணத்துக்கும் பள்ளி விழாவுக்கும் ஜூட் சூட் தைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் எல் பச்சூகோ என்ற கடை 1978இல் இதற்கென்றே தொடங்கப்பட்டது. 1990களின் ஸ்விங் இசை மறுமலர்ச்சியின்போதும் ஏராளமாகத் தைக்கப்பட்டன. இவற்றைப் போலி என்று ஒதுக்குவது சரியல்ல. 1978க்குப் பிந்திய சிகானோ ஜூட் சூட் தன்னளவில் ஒரு வரலாற்றுப் பொருள்; அதை 1941 என்று சொல்லி விற்பதுதான் பொய்.

கோட்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கலாமா?

விலை குறைவாக இருந்தால் வாங்கலாம். ஆனால் கால்சட்டை இல்லாத நீளக் கோட்டை ஜூட் கோட்டு என்று நிறுவுவது மிகக் கடினம். கால்சட்டை மட்டும் கிடைத்தால் தயங்காதீர்கள். உடையின் அடையாளம் அதில்தான் இருக்கிறது.

பழுது பார்க்கலாமா? அணிந்து போகலாமா?

விட்டுப்போன தையலை, கிழிசல் பெருகாத அளவுக்குப் பருத்தி நூலால் பிடித்து வைக்கலாம். பாட்டத்தைப் பிரித்து உங்கள் காலுக்கேற்ப ஆல்டர் செய்வது, மங்கிய பட்டனை மாற்றுவது, உள்துணியைப் புதிதாகப் போடுவது ஆகியவை சான்றை அழிப்பதற்குச் சமம். உள்துணியில் படிந்த பழைய வியர்வைக் கறைகூட யாரோ அதை அணிந்து ஆடியதற்கான தடயம்தான். உலர்சலவைக்குக் கொடுப்பதற்கு முன் துணிப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். எண்பது ஆண்டு பழைய ரேயான் உள்துணி சலவை இயந்திரத்தின் சுழற்சியைத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அணிய ஆசைப்படுபவர்கள் புதிதாக ஒன்றைத் தைத்துக்கொள்வதே நல்லது. அசலின் அளவுகளை எடுத்துக் கொடுத்தால் நல்ல தையல்காரர் தைத்துவிடுவார்.

எப்படிப் பாதுகாப்பது?

கம்பளியின் முதல் எதிரி ஆடை அந்துப்பூச்சியின் புழு. அடுத்தது தரைவிரிப்பு வண்டின் புழு. புதிதாக வாங்கியதை மற்றத் துணிகளோடு சேர்க்கும் முன், பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைய வைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பநிலைக்கு வரும்வரை உறையைத் திறக்காமல் விடுங்கள். கனமான கோட்டை மெல்லிய கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள்பட்டையின் பஞ்சு உருக்குலைந்துவிடும். அமிலமற்ற காகிதத்தைத் தோளிலும் கையிலும் சுருட்டி வைத்து, அகலமான பெட்டியில் கிடத்துவதே நல்லது. வெயிலும் ஈரமும் படாத அறையாக இருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுவதும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் விட்டால், பூச்சிக்கு முன் பூஞ்சை வந்துவிடும்.

ஃபேஷன் வரலாற்றில் இதற்கு ஏன் இவ்வளவு இடம்?

அதற்கு முன் ஆண்கள் உடையில் மாற்றம் என்பது அரண்மனையிலிருந்தோ படையிலிருந்தோ விளையாட்டு மைதானத்திலிருந்தோ வந்தது; பணக்காரர் அணிந்ததை மற்றவர்கள் பின்பற்றினார்கள். ஜூட் சூட்டில், சமூகத்தின் அடித்தட்டில் தள்ளப்பட்ட இளைஞர்கள் தங்களுக்கென ஓர் உருவத்தைப் படைத்து, மேலே இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவும் கோபப்படவும் வைத்தார்கள். அது பரவிய விதமும் கவனிக்கத்தக்கது. டிரினிடாடில் சாகா பாய்கள் எனப்பட்ட பகட்டான இளைஞர்கள் அணிந்தார்கள். போர்க்கால முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்க இளைஞர்களில் சிலரும் அணிந்தார்கள். நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் ஜாஜூக்கள் என்ற இளைஞர்கள் நீளக் கோட்டும் ஜாஸ் இசையுமாகத் திரிந்து அடி வாங்கினார்கள். மெக்சிகோவில் டின் டான் என்ற பெயரில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஹெர்மன் வால்டெஸ் பச்சூகோ (பச்சூகாவின் ஆண்பால்) உடையிலேயே திரையில் தோன்றினார்.

இளைஞர்கள் அனைவருமே அதை அரசியல் கொடியாக நினைத்து அணிந்தார்கள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலோர் சனிக்கிழமை இரவு அழகாகத் தெரிய வேண்டும் என்றே அணிந்திருப்பார்கள். அதை உரித்தெறியப் புறப்பட்டவர்களே அதற்கு அரசியல் பொருளைக் கொடுத்தார்கள்.

அசல் சூட் கிடைக்காதவர்கள் எதைச் சேகரிக்கலாம்?

புகைப்படங்களை. ஸ்டூடியோவில் போய் நின்று எடுத்துக்கொண்ட 1940களின் படங்கள் பழைய ஆல்பங்களிலிருந்து பிரிந்து தனித்தனியாக விற்பனைக்கு வருகின்றன. முழு உருவமும், குறிப்பாகக் கணுக்காலும், பின்புறம் ஊர்ப் பெயரும் தேதியும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள 1942ஆம் ஆண்டுப் படம் ஒன்று நல்ல அளவுகோல்: வாஷிங்டனின் யூலைன் அரங்கில் வூடி ஹெர்மன் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு வந்த இரு இளைஞர்களின் ஜூட் சூட்டை ஒரு படைவீரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தையல்கடை விளம்பரங்கள், 1943 ஜூன் மாதச் செய்தித்தாள்கள், நீளக் கடிகாரச் சங்கிலிகள், அகன்ற விளிம்புத் தொப்பிகள் ஆகியவையும் கைக்கெட்டும் விலையில் உள்ளன. சங்கிலி வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: கண்ணிகளின் தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இரண்டு குட்டைச் சங்கிலிகளை இணைத்து நீளச் சங்கிலியாக்கி விற்பது எளிது.